அரைப்புள்ளி

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பேக்கரியின் மாடியில் எங்கள் அறை.
தகரக் கூரை. மழை பிடித்தால்
கணினி சொல்வதில் பாதிதான் எனக்கு.
காதில் மாட்டுவதில் இடப்பக்கம் செத்து எட்டு மாதம்.
நல்லதாய்ப் போயிற்று.
வலது காது அதற்கு,
இடது காது வருகிற ஆட்களுக்கு.

அது வாசிக்கிற வேகத்தை மற்றவர்கள் தாங்கமாட்டார்கள்.
தட்டில் கடலை கொட்டுகிற மாதிரி என்பாள்
எதிர்மேசை ஜெனோவா.
எனக்கு அது பேச்சு.
பொகவந்த என்று நிறுத்தி
மூச்சு வாங்கிய பிறகே தலாவை என்னும்.
பெரட்டுக்களம் அதன் வாயில் நுழைவதே இல்லை.
திருத்தப் பார்த்து விட்டுவிட்டேன்.

தோட்டத்துப் பழைய பட்டியல்கள்தான் வில்லங்கம்.
பாமினி எழுத்தில் அடித்தவை.
கண்ணுள்ளவர்களுக்குத் திரையில் தமிழ்,
அதற்கோ அடியில் கிடக்கிற ஆங்கிலச் சாவிகள் மட்டும்.
அம்மா என்று இருந்தால்
எம், கே, செமிகோலன், கே, எச் என்று ஒப்பிக்கும்.
முதல் கிழமை அழுதேன்.
இரண்டாம் கிழமை, எம் என்றால் அ.
பிறகு செமிகோலனை அரைப்புள்ளி என்று
சொல்லும்படி மாற்றி வைத்தேன்.
மழை விட்ட ஒரு மத்தியானம்
அரைப்புள்ளி என்று அது சொன்னதும்
ம-வின் தலையில்
முழுப்புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்தது.

எழுத்து மாற்றும் மென்பொருள் உண்டு.
அவசரத்துக்கு அது.
பேர் பார்க்க எனக்குச் சாவிகளே வேண்டும்.

அங்கம்மா வந்தது ஒரு வியாழக்கிழமை.
வயது அறுபத்து மூன்று. ஈரச் சாக்கின் வாசம்.
சேமலாப நிதிக்கு எழுதிப் பதினொரு வருடம்.
"ஆளு வேறயாம், பேரு வேறயாம்.
அனுப்புறதெல்லாம் திரும்பி வருது புள்ள."
அடையாள அட்டையில் சரி.
பிறப்புப் பத்திரத்தில் சரி.
தோட்டத்துப் பட்டியலைக் கிளாக்கர் பார்த்தார்,
சங்கத்து அருள்தாஸ் பார்த்தார்,
ஜெனோவா இரண்டு தரம் பார்த்தாள்.
அங்கம்மாதானே, சரிதானே என்றார்கள்.
தெரிந்த சொல் என்றால் கண்
வாசலோடு திரும்பிவிடுகிறது போல.

நான் எழுத்தெழுத்தாய் நடக்கவிட்டேன்.
எம். க்யூ. அரைப்புள்ளி. எஃப். கே. கே. எச்.
மறுபடி.
எஃப். கே. கே. எச்.
இரண்டு கே-க்கும் நடுவில்
ஒன்றுமில்லை.

"அங்கமமா" என்றேன்.
ஜெனோவாவின் மூச்சு திரையில் பட்டுத் திரும்பியது.
"அட, புள்ளி இல்லடி."

கொழுந்து குறைந்த நாளில்
செக்ரோலில் அரைப்பேர் விழும்.
முப்பத்தொரு வருடம்
அட்டைக் கடியோடு முழுப்பேர் வாங்கியவளுக்கு,
எவரோ ஒருவரின் சுண்டுவிரல்
ஒரு சாவியை எட்டாமல் போனதில்,
மொத்தத்துக்கும் அரைப்பேர்.

"எம் பேர அது சொல்லுமா?" என்று கேட்டாள்.
பிழையைத் திருத்தி, எழுத்தை மாற்றி,
சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.
அங். கம்மா.
"தொர கூப்புடுற மாதிரியே இருக்கு!
இந்தா வாறேங்கய்யான்னு எந்திரிக்கப் பாத்தேன்."
சிரித்தோம்.
முதலில் நிறுத்தியவள் அவள்தான்.

கடிதம் போய் ஏழு கிழமை.
பதில் இல்லை.
ஜெனோவா அடிமட்டத்தை வைத்துக் காட்டிய இடத்தில்
தயாரித்தவர் என்று நான் போட்ட கையெழுத்து
கோட்டில் நின்றதா என்றுகூடத் தெரியாது.

இன்றைக்கு மூன்று மணிக்கே கரண்ட் போயிற்று.
பேட்டரி பதினான்கு வீதம் என்கிறது.
இந்த இருட்டில் வேலை செய்யாதே என்கிறாள் ஜெனோவா,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.
அதே தோட்டம், இன்னொரு பட்டியல்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
எழுபத்தொன்றில் நிற்கிறேன்.
கே. ஜே. அரைப்புள்ளி. ஜே.