செவ்வாய்ப்பேட்டையில் வியாழக்கிழமை

டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே மாடி.
படி பதினேழு.
எந்தப் படியையும் எண்ணித்தான் ஏறுவேன்.
இருட்டில் இறங்கி ஓட வேண்டி வந்தால்
காலுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வியாழன் ஒன்பதாம் படியோடு திரும்பிவிட்டேன்.
அடுத்த வியாழன் கதவு வரை.
மூன்றாவது வியாழன் மழை,
ஒதுங்க வேறு இடமில்லை, உள்ளே போனேன்.
இதைத் தைரியம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

ஏழெட்டுப் பேர். நடுவில் தாம்பாளத்தில் தட்டுவடை செட்,
பக்கத்திலேயே பிசைந்த களிமண்.
கனகவேணி என்பவர் என் பெயரைக் கேட்டார்.
மற்றதைக் கேட்கவில்லை.
ஸ்டேஷனில் கேட்டார்கள்,
ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்,
அண்ணன் வீட்டில் கேட்காமலே பதிலும் சொன்னார்கள்.

"இருந்த வீட்டை மண்ணுல செய்யுங்க."

ஜவ்வரிசி மில்லில் மாவு அள்ளும் பெருமாயி
வீடு செய்யவில்லை.
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாழ்ப்பாள் செய்தாள்.
"இது வெளிப்பக்கம் இருந்துச்சு" என்றாள்.
கை கழுவிவிட்டு
தட்டுவடையை நொறுக்கென்று கடித்தாள்.

ரெஜினா ஏற்காட்டிலிருந்து வருகிறவள்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒரு வாந்தி மாத்திரை.
மண் வேண்டாமென்று பேப்பர் வாங்கி
சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி வரைந்தாள்.
"கழுத்தப் புடிச்ச கை மாதிரி இருக்கு"
என்று ஷம்சாத் வாய் தவறிச் சொல்ல
அறையே மூச்சை நிறுத்திக்கொண்டது.
"அதேதான்" என்றாள் ரெஜினா.
"மரம் நானு. ஆனா பாரு, மரம் எவ்ளோ உசரம்."

என்னுடையதைச் சொல்லவில்லை.
கொலுசுக்குப் பற்று வைக்கிறவள் நான்.
பொடி வைத்து ஊதுவது எங்களுக்குத் தொழில்,
பேச்சில் எனக்கு அது வராது.
ஊதுகுழல் பிடித்தால் கை நடுங்காது.
வீட்டில் டம்ளர் பிடித்தால்தான் நடுங்கும்.

கல்யாணமான ஆடியில்
மூன்று வரிச் சலங்கை வைத்த கொலுசு போட்டுவிட்டான்.
தெருவே மெச்சியது.
சமையல்கட்டா, தண்ணீர்த்தொட்டியா,
நான் எங்கே என்று படுத்தபடியே கேட்டுக்கொள்வான்.
சத்தம் நின்றால் எழுந்து வருவான்.
சத்தம் வாசல் பக்கம் போனாலும் எழுந்து வருவான்.
திருகைக் கழற்ற முடியாதபடி பற்று வைக்கச் சொன்னான்.
வைத்த கையும் என் கைதான்.

பதினோரு வருஷம்
என் கால் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

கிளம்பிய ராத்திரி
ஒவ்வொரு சலங்கைக்குள்ளும் மெழுகு ஊற்றினேன்.
நாற்பத்தெட்டு.
தொழில் தெரிந்த கை, ஒரு சொட்டும் சிந்தவில்லை.
தோளில் மகள்.
லைன் வீட்டு நாய்கூடத் தலை தூக்கவில்லை.

இதெல்லாம் சொல்லாமல்
மண்ணில் ஒரு கால் செய்தேன், கணுக்கால் வரை.
கனகவேணி காய வைத்தார்.
விரல் ஒன்று விரிசல் விட்டது. இருக்கட்டும்.

போன வாரம்
கடைவீதியில் கிலோக் கணக்கில் விற்கும் பித்தளைச் சலங்கை
கால் கிலோ வாங்கிப் போனேன்.
(வெள்ளி முடியாது, பட்டறையில் தூசியையும் கூட்டி எடை போடுவார்கள்.)
பால்பவுடர் டின்களில் போட்டு ஆளுக்கு ஒன்று.
சும்மா ஆட்டிப் பார்க்கத்தான்.
பெருமாயி ஆட்டிய ஆட்டில் மூடி பறந்தது.
கீழேயிருந்து கடைக்காரர் கத்தினார்,
"மேல என்னங்க சத்தம்?"

பழக்கத்தில் என் கை நின்றது.
என்னுடையது மட்டும்.
ஷம்சாத் ஜன்னலைத் திறந்து,
"நாங்கதாங்க!" என்றாள்.

பிறகு நானும் ஆட்டினேன்,
தாளம் எல்லாம் இல்லை,
தகர டப்பா உருள்கிற மாதிரி இருந்தது.

என் கொலுசை இன்னும் வெட்டவில்லை.
மெழுகும் அப்படியே.
எப்போது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இறங்கும்போது எண்ணினேன். பதினாறு வந்தது.
எங்கே ஒன்றை விட்டேனோ,
ஏறிப் பார்க்க நேரமில்லை,
ஜங்ஷன் பஸ் வந்துவிட்டது.