நூற்றிருபத்தைந்து கே.வி.ஏ.

கத்தரியைக் காற்றில் நிறுத்திவிட்டு
செபஸ்தியான் கேட்டான்:
"சினிமாவுக்கே கரண்டு கொடுக்கிற ஆளு நீ.
உலகத்திலேயே உசத்தியான படம் எது, சொல்லு."
கழுத்தில் துணி, கண்ணில் முடி.
பத்துப் படம் சொல்கிறேன் என்றேன்.
பத்து வரவில்லை.

ஜெனரேட்டர் வண்டி என்னுடையது.
கானாடுகாத்தானில் எந்த வீட்டில் படப்பிடிப்பு என்றாலும்
இரைச்சல் மைக்கில் ஏறக்கூடாதென்று
மூன்று தெரு தள்ளி நிறுத்தச் சொல்வார்கள்.
ஊருணிக் கரையில் நானும் டீசலும் கொசுவும்.
கேபிள் மட்டும் உள்ளே போகும்.
யார் அழுதார்கள், யார் யாரைச் சுட்டார்கள் என்பதெல்லாம்
எனக்கு ஆம்பியர் முள்ளில்தான் தெரியும்.

ஆகவே முதல் படம்,
முள் அசையாமல் நின்ற படம்.
பதினாறு ராத்திரி, ஒரே ஒரு விளக்கு.
சிம்னி வெளிச்சத்தில் அவள் கடிதம் படிக்கிறாளாம்.
இருநூறு லிட்டர் மிச்சம்.
அப்படி ஒரு டைரக்டரை
அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

அடுத்தது வெளிவராத படம்.
பள்ளத்தூரில், அக்கினி நட்சத்திரத்தில்
நான்கு லாரித் தண்ணீரை மழையாகப் பெய்வித்தார்கள்.
'கட்' என்றதும் தெருவே குடத்தோடு வந்து
மழைக்கு அடியில் வரிசையில் நின்றது.
தயாரிப்பாளர் டீ குடிக்கப் போனவர்,
ஐதராபாத்தில் இருப்பதாகக் கேள்வி.
ஒன்பதாயிரத்து நானூறு பாக்கி.
"அது கணக்கில வராது" என்றான் செபஸ்தியான்.
என் கணக்கில் வரும்.

பிறகு அந்த ஒற்றை வீடு.
தெலுங்கில் ஜமீன், இந்தியில் பேய் பங்களா,
மலையாளத்தில் ஆஸ்பத்திரி.
வீட்டுக்காரர் கோலாலம்பூரிலிருந்து
வாட்ச்மேனுக்கு போன் போட்டுக் கேட்பார்:
"இன்னைக்கு நம்ம வீட்ல யாரு செத்தா?"
அதில் எது நல்ல படம் என்று தெரியாது.
மூன்றையும் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

"அப்புறம்?"
"அவ்வளவுதான்" என்றேன்.
கத்தரி மறுபடி ஓடியது.

அவனிடம் சொல்லாதது:
தொண்ணூற்றெட்டு, ஐப்பசி.
டீசல் முள் கீழே கிடந்தது. ஊற்றிவிட்டுப் போயிருக்க வேண்டும்.
ரயிலடி பூத்துக்கு ஓடினேன்.
காரைக்குடி பெரியாஸ்பத்திரியிலிருந்து மைத்துனன் அடைக்கலம்,
"பொம்பளப் புள்ள மச்சான்" என்றான்.
பூத்துக்காரனின் மீட்டர் சிவப்பாய் ஏறிக்கொண்டிருந்தது.
"தங்கல" என்றான்.

திரும்பி வந்தபோது வண்டி பேசாமல் நின்றது.
மூன்று தெருவுக்கு அப்பால் வீடு
கிணறு போல் இருந்தது.
திட்டப்போகிறார்கள் என்று
கேனைத் தூக்கியபடி நின்றேன்.
டைரக்டர் டார்ச்சோடு தானே நடந்து வந்தார்.
கேமராவுக்கு பேட்டரியாம், ஓடிக்கொண்டே இருந்ததாம்.
"நல்லா இருந்தது. வச்சுக்கிறேன்" என்றார்.
எனக்கு என்ன ஆனதென்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

படத்தில் அது ஏழு விநாடி.
கதவைச் சாத்தப் போகிறாள், எல்லாம் கறுப்பு,
யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.
காரைக்குடியில் விசில் பறந்தது,
"ஆப்பரேட்டர் தூங்கிட்டான்டா!"
பத்திரிகையில் அந்த இருட்டைப் பற்றி
ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்,
காலம், மௌனம், இன்னும் என்னென்னவோ.
வெட்டி வைத்திருக்கிறேன், வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள்.

போன பொங்கலுக்கு டிவியில் போட்டார்கள்.
பொன்னழகு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.
கதவு வந்தது. கை வந்தது. கறுப்பு.
உரிப்பதை நிறுத்தாமல்
"கரண்டு போச்சா?" என்றாள்.

தலைக்கு மேல்
ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.