கோல் இட் ஓஃப்

வியாழக்கிழமை பெர்டினாண்டஸ்
போனில் சொன்னது மூன்றே சொல்:
கோல் இட் ஓஃப்.
கோல் எனக்குத் தெரியும். எடுத்தேன்.
ஓஃப் என்பது அவர் ரிசீவரை வைத்த சத்தம் என்று
நினைத்துக்கொண்டேன்.

ஒருகொடவத்தை யார்டில் ஐந்து லொறிகள்
வராத பெட்டிகளுக்காகப்
பகல் முழுக்க மழையில் நின்றன.
வெயிட்டிங் சார்ஜ் மட்டும் தவறாமல் வந்தது.
மேனேஜர் ஏசவில்லை.
பில்லை என் மேசையில் வைத்து
விரலால் ஒருதரம் தட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் புறக்கோட்டையில்
எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

ரன் என்றால் ஓடு. அவுட் என்றால் வெளியே.
ரன் அவுட் என்றால் ஒருவரும் எங்கும் ஓடுவதில்லை,
பால்மா முடிந்துபோகிறது.
காஸ் முடிந்து, பெற்றோல் முடிந்து,
சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வைத்துவிட்டு
வரிசையில் நின்ற வருஷத்தில்
எனக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை.
தெரியாமலே எல்லாம் முடிந்தது.

புட் அப் வித்.
ஒரு பொறுமைக்கு மூன்று சொல் தேவைப்படுகிறது.
உதாரண வாக்கியத்தில்
மேல்மாடிக்காரரின் நாயை எழுதினேன்.
பிறகு வெட்டிவிட்டு வீட்டுக்காரரை எழுதினேன்.

கிவ் என்றால் கொடு, பாலர் வகுப்பிலேயே படித்தது.
கிவ் அப், கைவிடு.
கிவ் இன், விட்டுக்கொடு.
கிவ் அவே என்பதற்கு அகராதியில் இரண்டு கருத்து இருந்தது.
முதலாவது, இனாமாகக் கொடு.
இரண்டாவதை எழுத முன் பேனையை மூடிவிட்டேன்.

பக்கத்து மேசை தில்ருக்ஷி தமிழ் படிக்கிறாள்.
ஏன் என்று கேட்டால்
"சும்மா" என்பாள், அதையும் தமிழில்.
செவ்வாய்க்கிழமை ஓடிவந்து சொன்னாள்:
"சுகிர்தா, பில்லில பிழை கண்டுபிடிச்சது யாரு என்டு
சேர் கேட்டார்.
நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன்!"

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச்
சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சொல்வதில்லை.
சொன்னால் அம்மா எழுந்துபோய்
குழாயைத் திறந்துவிடுவா,
தண்ணீர் ஓடுகிற சத்தம் அடங்கும்வரை
ஒருவரும் கை வைக்க மாட்டோம்.

தில்ருக்ஷிக்கு எப்படித் தெரியும்?
காட்டு தெரியும். கொடு தெரியும்.
இரண்டையும் ஒட்டினாள், முகமெல்லாம் சிரிப்பு.
ஐந்து லொறி நின்ற மழை
அவள் தலைக்கு மேலும் ஒருதரம் பெய்யத் தொடங்கியது,
நான் குடையை விரித்தேன்:
"தாங்க்ஸ்."
திருத்தவில்லை.
ஒருநாள் திருத்தத்தான் வேண்டும்,
வேறு யாரும் திருத்த முன்.
கந்தோர் முடிந்து கொப்பியைத் திறந்து
அந்த இரண்டாவது கருத்தை எழுதினேன்.
இங்கிலீசும் தமிழும் எல்லாவற்றையும் விட்டு
இந்த ஓரிடத்தில் வந்து ஒத்துப்போயிருந்தன,
இரண்டிலும் கொடுப்பது.

நூற்றியோராம் இலக்க பஸ்.
கொள்ளுப்பிட்டியில் ஏறிய கூட்டத்தில்
கொப்பியைப் பல்லில் கவ்வாத குறை.
ஹோல்ட் ஒன், பதினாலாம் பக்கம்:
போனில் என்றால் கொஞ்சம் பொறு,
பஸ்ஸில் என்றால்...
டிரைவர் பிரேக் அடித்தான்.
"அல்லாகன்ன, மிஸ், அல்லாகன்ன!"
கொண்டக்டர் கத்தினான்.
பிடி, பிறகு எடு.
பின்னால் நின்ற ஒருவர் தன் மகனிடம்
"பிடிச்சுக்கொள்ளடா" என்றார்.

பிடி என்றால் போதாதா?
கம்பியைத் தொட்ட பிறகு
இன்னும் ஏதோ ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது
போல, மூன்று பாஷைக்கும்.

அதை யோசித்துக்கொண்டு நின்றதில்
வெள்ளவத்தை போய்விட்டது.
தெஹிவளைப் பாலத்தடியில் இறங்கினேன்.
கெட் டவுன் அல்ல, கெட் ஓஃப்
என்று புத்தகம் சொல்கிறது.
கொழும்பில் எல்லோரும் கெட் டவுன்தான்.
நானும் டவுன்தான் ஆனேன்,
கால் ஒரு பள்ளத்தில், முழங்கால் வரை தண்ணீர்,
கொப்பி மட்டும்
தலைக்கு மேலே.