வராதவர் ஒருவர்

ஜூனோவுக்குச் சாலை கிடையாது.
கப்பலில் வரலாம், விமானத்தில் வரலாம்,
பனிமூட்டம் மனசு வைத்தால்.
கடலும் மலையும் கழுத்தைப் பிடித்திருக்க
அலாஸ்காவுக்கு நாங்கள்
சட்டம் இயற்றுகிறோம்.

காலை பத்து மணி. பிரார்த்தனை. கொடி வணக்கம்.
வருகைப் பதிவு. பெயர்களை வாசிப்பது நான்,
இருபத்திரண்டாவது ஆண்டாக.
நேற்றைய அவைக்குறிப்பு சரி என்று
பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எழுந்து சொல்வார்,
படிக்காமலே.
ஆட்சேபம் இல்லாததால் ஏற்கப்பட்டது.
உலகத்தில் பாதிக் காரியம்
ஆட்சேபம் இல்லாததால்தான் நடக்கிறது.

பிறகு ஆளுநரின் கடிதம்.
உறை தடித்திருந்தால் வீட்டோ.
ஒப்புதலுக்கு ஒரு வரி போதும்;
மறுப்புக்குத்தான் மரியாதைச் சொற்கள் நிறைய வேண்டும்.
மிகுந்த வருத்தத்துடன் என்று தொடங்கி
நீலப் பேனாவில் ஒரு கோடு:
கஸ்லுக் பள்ளிக்கூடத்துக்குக் கொதிகலன்,
ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் டாலர்.
எண்ணின் மேல் கோடு, பக்கத்தில் பூஜ்யம்.
எவ்வளவு வட்டமான பூஜ்யம்!
கோடு விழுந்தது ஜூனில்.
நாங்கள் கூடியது ஜனவரியில்.
நடுவில் பாதிக் குளிர்காலம்
யாரையும் கேட்காமல் நிறைவேறிவிட்டது.

கஸ்லுக் உறுப்பினர் ஆகஃபியா வாஸ்கா
நான்கு நிமிடம் பேசினார்.
கையுறையோடு கணக்குப் போடும் பிள்ளைகளை,
உறைந்த பேனாவை அக்குளில் வைத்து
உருக்குகிற பையனை,
அக்டோபரில் வந்து நவம்பரில் போன டீச்சரை.
கடைசியில் யூப்பிக் மொழியில் ஒரு சொல்.
எழுத்துக் கேட்டேன்.
சிரித்து, விடுங்கள் என்றார்.
குறிப்பில் இருப்பது: உறுப்பினர் வாஸ்கா பேசினார்.

இரண்டு அவையும் சேர்ந்து அறுபது பேர்.
ஆளுநரின் கோட்டை அழிக்க
நாற்பத்தைந்து வேண்டும்.
வெறும் கோடுதான்; கோட்டைபோல் நிற்கிறது.
பலகையில் பச்சை விளக்குகள்
தயங்கித் தயங்கி ஏறி
நாற்பத்து நாலில் நின்றன.
சிவப்பு பதினைந்து.
ஒரு பெயருக்கு நேரே இருட்டு:
லெமுவேல் ஸ்ட்ராண்ட்பர்க்.

பனிமூட்டம் என்றார் ஒருவர்.
விமானம் மேலே வட்டமடிக்கிறதாம்.
இல்லை, ஆங்கரேஜுக்கே திரும்பிவிட்டதாம்.
எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
எதிர்மலையைக் காணோம்.
சாட்சி சொல்ல வந்ததுபோல்
கண்ணாடியை ஒட்டி நின்றது வெள்ளை.
தலைவர் ஐந்து நிமிடம் பொறுத்தார்,
இன்னொரு ஐந்து நிமிடம்,
சுத்தியலைத் தட்டினார்.

ஆம் 44. இல்லை 15. வராதவர் 1.

மறுநாள் ஸ்ட்ராண்ட்பர்க் எழுந்தார்,
தலை சீவி, பச்சை டை கட்டி.
நான் இருந்திருந்தால் ஆம் என்றே போட்டிருப்பேன்,
குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றார்.
சேர்த்தேன்.
இருந்திருந்தால்.
எவ்வளவு சௌகரியமான சொல்!
அதற்குள் கொதிகலன் எரிகிறது,
ஆளுநருக்கும் கோபமில்லை.
வாஸ்கா போய் அவர் கையைக் குலுக்கினார்,
இரண்டு கையாலும்.

என் தங்கை ஹில்மாவுக்கு
விமான நிலையத்தில் பெட்டி இறக்கும் வேலை.
முதல் நாள் இரவே சொல்லியிருந்தாள்,
சூப்பைக் கிளறிக்கொண்டு, வேறு எதையோ சொல்வதற்கு நடுவில்:
ஒன்பது மணிக்குப் பனி கொஞ்சம் விலகியது,
ஒரே ஒரு விமானம் இறங்கியது.
பழுப்புத் தோல் பெட்டி, எல்.எஸ். என்று பொறித்தது.
அவளே எடுத்துக் கொடுத்தாள்.
டிப்ஸ் ஒரு டாலர்.

குறிப்பேட்டில் இதற்குத் தலைப்பு தேடினேன்.
மனுக்கள் இருக்கிறது, அறிக்கைகள் இருக்கிறது,
இரங்கல் தீர்மானம்கூட இருக்கிறது.

இன்று காலை பிரார்த்தனை, கொடி, பெயர்கள்.
நேற்றைய குறிப்பு சரி என்றார் பெரும்பான்மைத் தலைவர்.
ஆட்சேபம் உண்டா?

நான் உறுப்பினர் இல்லை.
இந்த அவையில் எனக்குக் கை உண்டு, வாய் கிடையாது.
இருமினேன்.
வாஸ்கா மட்டும் திரும்பிப் பார்த்தார்.

அதை எழுதவில்லை.