அடைப்புக்குறிக்குள்

ஏரி பார்க்கத்தான் வந்தேன்.
ஓல்டனில் ஏறி, மலையின் வயிற்றுக்குள்
இருபது நிமிடம் இருட்டாய்க் கிடந்து,
பெலின்சோனாவில் மாறி
லொகார்னோவில் இறங்கினால்
ஊருக்கே புள்ளி போட்டிருக்கிறது.
மஞ்சளில் கறுப்பு, சிறுத்தைத் தோல்.
வங்கிக் கண்ணாடியில், மருந்துக்கடைக் கதவில்,
கேக்கின் மேல்,
ஒரு கிழட்டு நாயின் கழுத்துப்பட்டியில்.

திரைப்பட விழாவாம்.
சேர்ந்து வருவதாய்ச் சொன்ன யசோதினி
காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று
நின்றுவிட்டாள். இதையும் சொல்லவில்லை.

விடுதியில் அறை கேட்டேன்.
வரவேற்பில் இருந்த பெடியன்
கணினியைப் பாராமலே சிரித்தான்.
"பதினெட்டாம் திகதிக்குப் பிறகு வாருங்கள்,
எந்தச் சன்னல் வேண்டுமென்று கேட்டுத் தருவேன்."
கடைசியில் தெனேரோவில்
கூடார முகாமின் ஓரத்தில் ஒரு மரப்பெட்டி அறை.
நான்கு பேர் குளிக்கிற சத்தம்
சுவருக்கு அப்பால் அல்ல, சுவருக்குள்.

மாலை, காபிக்கு நின்றபோது
கழுத்தில் அட்டை தொங்கிய ஒருவர்
என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
"உங்கள் படத்தை நேற்றுப் பார்த்தேன்.
அந்தக் கடைசி மௌனம்!"
நான் கணக்கு எழுதுகிறவள்.
மார்ச் மாதத்தில் வரிப் படிவங்களுக்கு முன் அழுகிறவள்.
இல்லையென்று சொல்ல வாய் எடுத்தேன்.
அவருடைய கண் கலங்கியிருந்தது.
நன்றி என்றேன்.
யாருக்கோ சேரவேண்டிய அந்தக் கைக்குலுக்கலை
வரவில் எழுதுவதா கடனில் எழுதுவதா,
இன்னும் தெரியவில்லை.

இரவு, பெரிய சதுக்கம்.
கூழாங்கல் தரையில் ஆயிரக்கணக்கில் நாற்காலிகள்.
மூன்று மாடி உயரத் திரை.
இத்தாலியப் படம். ஜெனோவாவில் ஒரு உணவகம்,
காதலி போய்விட்ட தலைமைச் சமையல்காரன்
சட்டியைப் பார்த்து அழுகிறான்.
அவனுக்குப் பின்னால், ஆவிக்குள்,
முதுகு மட்டும் தெரிகிற ஒருவன்
கோப்பை கழுவியபடி யாரையோ நோக்கிக் கத்துகிறான்:

"உப்பை எங்கையடா வைச்சனீ, மூதேசி!"

திரையின் அடியில் எழுத்து வருகிறது:
(வேற்று மொழியில் பேசுகிறான்)

சிரித்துவிட்டேன்.
மூக்கால், பன்றிக்குட்டி மாதிரி,
ஊரே மூச்சுப் பிடித்து இருந்த நேரத்தில்.
முன் வரிசையில் ஒரு முத்துமாலை திரும்பி என்னை எரித்தது.

அப்போது, பின்னால், வெகு பின்னால்
இன்னொரு சிரிப்பு.
அதே நீளம்.
அதேபோல் கையால் பொத்தி அறுத்தது.

திரும்பிப் பார்த்தேன்.
திரை வெளிச்சத்தில் நீலமாய்
முகங்கள், முகங்கள், முகங்கள்.
எல்லாரும் அழத் தயாராக இருந்தார்கள்.

அதன்பின் கதை எனக்குப் பிடிபடவில்லை.
அவள் திரும்பி வந்தாளா,
கப்பலில் ஏறியது யார்,
ஒன்றும் தெரியாது.
உப்பு எங்கே என்பதுதான் என் கவலை.

ஏரிப் பக்கமிருந்து இடி வந்தது.
முதலில் நாலு துளி, பிறகு வாளி வாளியாய்.
சிலர் மழைச்சட்டைக்குள் அப்படியே உறைந்து இருந்தார்கள்.
நான் வளைவுகளின் கீழ் ஓடினேன்.
நனைந்த கம்பளி, வைன், சிகரெட்,
யாருடைய முழங்கையோ என் விலாவில்.
என்ன பிடித்ததோ,
நாற்பத்தாறு வயதில், அந்த நெரிசலில்,
தொண்டை திறந்து கத்தினேன்:

"உப்பை எங்கையடா வைச்சனீ!"

ஒரு காவலர் பார்த்தார்.
ஒரு குழந்தை பார்த்தது.
மழை பெய்தது.

பிறகு, நாலைந்து தூண்களுக்கு அப்பாலிருந்து,
கரகரத்த ஒரு பெண் குரல்:

"முட்டைப் பெட்டிக்குப் பின்னால பாரன்,
கண் தெரியேல்லையோ?"

எம்பிப் பார்த்தேன். குடைகள்தான்.
இடையில் நின்றவர்கள்
பந்தாட்டம் பார்ப்பதுபோல்
அங்கும் இங்கும் தலையைத் திருப்பினார்கள்.

சதுக்கத்தில், தண்ணீருக்கு ஊடாக,
படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
சமையல்காரன் கண்ணைத் துடைத்தான்,
அகப்பையால் சூப்பை அள்ளி வாயில் வைத்தான்,
முகம் சுளித்தான்.

இம்முறை
மூன்று சிரிப்புக் கேட்டது.