சாவு நாள் மாவு

காசிமேட்டுச் சுடுகாட்டுக்கு
எங்கள் தெரு வழியாகத்தான் போகவேண்டும்.
மார்க்கெட் முனையில் முதல் சரவெடி கேட்டதும்
சங்கரா கட்டிலுக்கடியில் போய்விடுவாள்.

சங்கரா எங்கள் நாய். மீன் பெயர்தான்.
ஏலக்கூடத்து ஐஸ்பெட்டிக்குப் பின்னால் கிடந்தாள்,
அதே சிவப்பில், குட்டியாக.

காதில் பஞ்சு வைத்தோம், உதறிவிட்டாள்.
டாக்டர் எழுதித்தந்த அரை மாத்திரையில்
கால் தூங்கியது, கண் தூங்கவில்லை.
என் வீட்டுக்காரர் தேசப்பன் ஒருமுறை அதட்டிப் பார்த்தார்.
தரையைத் துடைத்ததும் அவர்தான்.

ஒருநாள் தற்செயலாக
கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது மேளம் வந்தது.
கட்டிலுக்கடியிலிருந்து ஊர்ந்து வந்து
கல்லோரம் முதுகைச் சாய்த்தாள்.
தாடையை என் பாதத்தில் வைத்தாள்.
நடுங்குவது அவளா கிரைண்டரா
தெரியவில்லை.
பத்தாயிரம்வாலா வாசலைத் தாண்டிப்போனது.

அன்றிலிருந்து
தெருவில் சாவு என்றால் எங்கள் வீட்டில் மாவு.
அரிசி ஊறாத நாளில்
தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டியிருக்கிறேன்.
மிஞ்சுவது பக்கத்து வீட்டுப் பிலோமினாவுக்கு.
வாங்கும்போதே கேட்பாள்,
"இன்னிக்கி யாரு?"
ரெண்டு கிண்ணம் வந்தால்,
"பெரிய ஆளு போலக்குது."

ஆடி பதினொன்று.
கடலில் இல்லை, லாரியில் இல்லை,
டீ குடிக்க உட்கார்ந்த பெஞ்சில்
தேசப்பன் சரிந்தார்.

ராத்திரி முழுக்க வாசலில் ஐஸ்பெட்டி
உம்மென்று ஓடியது.
அழ வந்தவர்கள் விரட்டியும் போகாமல்
அதன் அடியில் சங்கரா
அசந்து தூங்கினாள். இன்றுவரை
அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள்.
பெட்டியின் சத்தம் நின்றது.
பையன்கள் சரத்தை
எங்கள் வாசலிலிருந்தே பிரித்துக்கொண்டு போனார்கள்.
கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தது.
ஒளிய இடமில்லை அவளுக்கு.
சாவு வீட்டில் கிரைண்டரை யார் போடுவது?
முதல் வெடி.
எனக்குத்தான் தூக்கிப்போட்டது.
திரும்பிப் பார்த்தேன், நாயைக் காணோம்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம்
கடகடவென்று கல் சுற்றத் தொடங்கியது.
பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.
இந்த நேரத்திலயா என்றாள் ஒருத்தி.
நான் சுவரில் முதுகைச் சாய்த்தேன்.

விளக்கு வைத்தபிறகு பிலோமினா வந்தாள்.
தூக்குச்சட்டியில் இட்லி.
ஒன்றும் கேட்கவில்லை.
அவள் புடவைக்குப் பின்னாலிருந்து
எட்டிப்பார்த்த சங்கராவின் மூக்கில்
மாவு காய்ந்திருந்தது.