அரைப்பக்கம்

கம்பத்திலிருந்து மதிய பஸ்.
பையில் ஸ்க்ரூடிரைவர், ஒரு பழைய போன்,
வயர் சீவ பிளேடு, டிரைவர் சிடி.
குமுளி செக்போஸ்ட்டில் அதைத் தூக்கிப் பார்த்து
'சினிமாவாணோ?' என்றார் போலீஸ்காரர்.
மோடத்தோட டிரைவர் சார் என்றேன்.
ஆளைத் தேடுகிறவர் போல
பையை மறுபடி திறந்தார்.

சிக்கந்தர் ராவுத்தரின் ஏலக்காய்க் கடை.
ஈரச் சாக்குகளுக்கு நடுவே
தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் பெட்டி,
இரண்டு தட்டு தட்டினால்தான் கண் திறக்கும்.
போடிக்குப் போகும் விலைப்பட்டியலில்
எட்டு மில்லிமீட்டர் காய் வரைக்கும் போய்விடுகிறது.
ஏழு போவதில்லை, ஆறு போவதில்லை.
ஒரு சாம்பல் கோடு, அப்புறம் வெறும் தாள்.
'மீதிச் சரக்கை யாருக்குத் தள்ளினீங்க ராவுத்தரே?'
என்று கேட்கிறாராம் போடிக்காரர்.

தெரிந்ததையெல்லாம் செய்தேன்.
மவுஸும் மோடமும் ஒரே போர்ட்டுக்கு மல்லுக்கட்டின,
பாகம் பிரித்துக் கொடுத்தேன்.
டயல் டோன் இல்லை என்றது பெட்டி.
என் போனை மாட்டிக் கேட்டால் இருக்கிறது,
மழைக்கால எக்சேஞ்சின் விட்டுவிட்டு வரும் விம்மல்;
இதற்கு அது கணக்கில் வரவில்லை.
டோனுக்குக் காத்திரு என்ற கட்டத்தில்
டிக்கை எடுத்தேன்.
பதினாலாயிரத்து நானூறை
ஒன்பதாயிரத்து அறுநூறாக்கினேன்,
லோயர் கேம்ப் வளைவில் கியர் இறக்குவதுபோல.
கூவியது. கரகரத்தது. அந்தப்பக்கம் பதில் கூவியது.
எட்டு மில்லிமீட்டர் போனது.
அறுந்தது.

மணி நாலு பத்து.

கணக்கர் பேச்சிமுத்து நோட்டைப் புரட்டினார்:
செவ்வாய் நாலு பத்து, புதன் நாலு பதினொன்று,
வியாழன் நாலு பத்து.
வெள்ளி மட்டும் முழுப்பக்கம்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
ஜன்னல், ஓட்டுச்சாய்ப்பு, துருப்பிடித்த ஆணியில் ஒரு முடிச்சு,
அங்கிருந்து பிரிந்து இன்னொன்று
மாடிக்கு ஏறியது.

சோசம்மா, நர்ஸ், குடிவந்து ஒரு வருஷம்.
நாலேகாலுக்கு குவைத்திலிருந்து கூப்பிடுவாராம்,
கம்பெனி போனில். வெள்ளி அங்கே லீவு.
அதற்குள் லைனில் ஜீவன் உண்டோ என்று
எடுத்துப் பார்ப்பாளாம்.
'ரெண்டு மாசமாயிட்டு ஒரு கீச்சு மட்டும்.
கடல் தாண்டி வர்றதல்லே,
தெளியும் தெளியும்னு கேட்டுக்கிட்டே நிப்பேன்.'

கேட்டுக்கொண்டு நின்றது
ஏழு மில்லிமீட்டர் காயை.

அங்கே அவருக்கு என்ன கேட்டிருக்கும்?
என்கேஜ்டு.
இல்லை, அவர் எண்ணைச் சுழற்றவே இல்லையோ.
அதைச் சொல்லும் சிடி என்னிடம் இல்லை.

கீழே வந்து
அனுப்பும் நேரத்தை ஐந்தாக மாற்றினேன்.
நாலு மணிக்கு இந்த லைனில் ஈரம் இறங்குது பாய் என்றேன்.
ஐந்துக்கு எட்டு, ஏழு, ஆறு, பொடிக்காய் வரை
எல்லாம் போனது.
ராவுத்தர் இருநூறை நூற்றைம்பதாக்கி
ஒரு கை ஏலக்காய் அள்ளிக் கொடுத்தார்.

மறுநாள் பேச்சிமுத்து போன் செய்தார்,
முழுசாப் போச்சு தம்பி, அதுவும் முதல் தடவையிலேயே.
மாடியில மணி அடிச்சுதா என்று
நாக்கு நுனிவரை வந்தது.
மவுஸ் ஒழுங்கா நகருதா
என்று கேட்டு வைத்தேன்.